உழைச்செல்வானும் செவிலியும்: நோயாளர் பராமரிப்பில் பரிவு, ஆன்மிகம், பணித்திறன் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

செவிலியர் பணி குறித்த இன்றைய தமிழ்ப் பேச்சில், பரிவு தொழிலுக்கு அப்பாற்பட்ட தெய்வப் பண்பாகப் போற்றப்படுகிறது. அப்போற்றுதலே பணியாளரின் கல்வி, ஊதியம், பணிப்பாதுகாப்பு ஆகியவற்றைப் பின்தள்ளும் கருவியாகவும் பயன்படுகிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்து இறுதிக் குறள், அதற்குப் பரிமேலழகர் வகுத்த உரை, ‘பொருள் செயல்வகை’ அதிகாரத்துச் செவிலி உருவகம், புறநானூற்றின் 281ஆம் பாடல், திருமுக்கூடல் கல்வெட்டு ஆகியவற்றை இக்கட்டுரை ஒருசேர வாசிக்கிறது. பரிவைப் பணித்தகுதிகளுள் ஒன்றாகவும் பொருளால் தாங்கப்பட வேண்டியதாகவும் கருதும் ஒரு சிந்தனை தமிழ் மரபில் உண்டு என்பது இதன் வாதம். அவ்வாதம் கிருஷ்ணகிரி – ஓசூர் எல்லைப்பகுதியின் இன்றைய நோயாளர் பராமரிப்போடு பொருத்திப் பார்க்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உழைச்செல்வான், செவிலி, அன்பு, அருள், பரிமேலழகர், ஆதுலசாலை, மக்களைத் தேடி மருத்துவம், குந்தாரப்பள்ளி.

முன்னுரை

திருக்குறளையும் மருத்துவத்தையும் இணைத்து எழுதப்படும் கட்டுரைகள் பலவும் 950ஆம் குறளை எடுத்துக்காட்டி, செவிலியரைப் பற்றி வள்ளுவர் அன்றே கூறியுள்ளார் என்ற பெருமிதத்தோடு நின்றுவிடுகின்றன. அக்குறள் செவிலியரை எந்தச் சொல்லால் சுட்டுகிறது, உரையாசிரியர் அச்சொல்லுக்கு எத்தகைய தகுதிகளை வகுத்தார், இன்றைய தமிழ் அச்சொல்லைக் கைவிட்டு வேறொரு சொல்லை ஏன் ஏற்றது ஆகிய வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை.

இவ்வினாக்கள் சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடுவன அல்ல. பணி நிரந்தரமும் உரிய ஊதியமும் கேட்டுச் செவிலியர் போராடும்போதெல்லாம், சேவை மனப்பான்மை எங்கே போயிற்று என்ற எதிர்க்கேள்வி எழுப்பப்படுகிறது. பரிவும் ஊதியமும் ஒன்றையொன்று விலக்குவன என்ற கருத்து அக்கேள்வியின் அடியில் உள்ளது. அக்கருத்துக்குத் தமிழ் இலக்கிய மரபு சான்றாகுமா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச்சிக்கல். மூலங்களின் சொல்லமைப்பையும் வைப்புமுறையையும் ஆராயும் உரைவழித் திறனாய்வு முறை இங்குப் பின்பற்றப்படுகிறது.

1. ‘உழை’ என்னும் சொல்

950ஆம் குறள் நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என நான்கு உறுப்புகளை எண்ணி, அந்நான்கும் சேர்ந்ததே மருந்து என்கிறது. இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன.

முதலாவது, ‘மருந்து’ என்னும் சொல் நான்கனுள் ஒன்றன் பெயராகவும் நான்கும் சேர்ந்த முழுமையின் பெயராகவும் வருகிறது. எனவே உழைச்செல்வான் மருந்தைக் கொண்டுசேர்க்கும் இடையாள் அல்லன். மருந்து என்னும் முழுமையின் ஓர் உறுப்பு. அவன் இல்லையெனில் மருத்துவனும் மருந்துப்பொருளும் இருந்தும் மருந்து முழுமை பெறாது. மருத்துவனுக்குக் கீழே, அவன் ஏவலைச் செய்பவராக மட்டும் செவிலியரைக் காணும் பார்வைக்கு இவ்வமைப்பு இடந்தரவில்லை.

இரண்டாவது, அச்சொல்லின் பொருள். ‘உழை’ என்பது பக்கம், இடம் என்னும் பொருளது. தொல்காப்பியமும் நன்னூலும் ஏழாம் வேற்றுமைக்குரிய இடப்பொருட் சொற்களுள் இதனை எண்ணுகின்றன. உழைப்பு என்னும் சொல்லோடு இதனை இணைத்து உழைப்பாளி எனப் பொருள்கொள்வது கவர்ச்சியாகத் தோன்றினும், சொல்லமைப்பு இடப்பொருளையே வற்புறுத்துகிறது. நோயாளியின் பக்கத்தில் செல்பவர் என்பதே நேர்ப்பொருள். இச்சொல் அப்பணியாளரைக் கல்வியாலோ குலத்தாலோ உறவாலோ அடையாளப்படுத்தவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பதால் அடையாளப்படுத்துகிறது.

பரிமேலழகர் இச்சொல்லை விளக்கும்போது மருந்தைப் பிழைபடாமல் இயற்றுபவர் என்னும் கருத்தில் பொருள் உரைக்கிறார். மூலச்சொல் அருகாமையை முதன்மைப்படுத்த, உரை பிழையின்மையை முதன்மைப்படுத்துகிறது. ஒன்று உடனிருத்தல், மற்றொன்று செய்திறன். செவிலியர் பணியின் இருமுனைகளும் மூலத்திலும் உரையிலுமாக இவ்வாறு பதிவாகியுள்ளன. உரையாசிரியர் அருகாமையை விட்டுவிட்டார் என்று கருத வேண்டியதில்லை. அவர் வகுக்கும் தகுதிப் பட்டியலில் அது வேறு பெயரோடு இடம்பெறுகிறது.

2. நான்கு தகுதிகளும் அவற்றின் வரிசையும்

நான்கு உறுப்புகளுள் ஒவ்வொன்றும் நான்கு வகைப்படும் எனக் கொண்டு பதினாறு தகுதிகளைப் பரிமேலழகர் விரிக்கிறார். மருந்தை இயற்றுபவருக்கு அவர் கூறுவன: நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய் ஆகிய மூன்றன் தூய்மை, சொல்லப்பட்டதைச் சொல்லப்பட்டவாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவு.

இப்பட்டியல் வடமொழி மருத்துவ மரபினின்றும் பெறப்பட்டது என்பது வெளிப்படை. சரக சங்கிதையும் வாக்படரின் அட்டாங்க இருதயமும் மருத்துவத்தின் நான்கு பாதங்களைப் பேசி, ஒவ்வொன்றுக்கும் நான்கு குணங்களை வகுக்கின்றன. இவ்விரண்டனுள் பரிமேலழகர் எதனை ஒத்துச் செல்கிறார் என்பது ஒப்பிட்டு அறியத்தக்கது. சரகத்தில் பணிவிடை செய்வாரின் குணங்கள் பணிவிடை அறிவு, செயல்திறன், அன்பு, தூய்மை என்னும் வரிசையில் அமைகின்றன. அட்டாங்க இருதயத்தின் சூத்திரத்தானத்து முதல் இயலிலோ அன்பு, தூய்மை, திறன், அறிவு என்னும் வரிசை காணப்படுகிறது. பரிமேலழகரின் வரிசை பின்னதோடு முழுதும் ஒத்துள்ளது. நோயாளிக்கு அவர் கூறும் பொருளுடைமை, மருத்துவன் சொல்வழி நிற்றல், நோய்நிலையை உணர்த்துதல், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் ஆகிய நான்கும் அவ்வாறே ஒத்துச் செல்கின்றன.

வரிசை ஒன்றாக இருப்பினும் உரையாசிரியரின் பங்களிப்பு ஓரிடத்தில் தெளிவாகிறது. வாக்படர் அன்புடையவர் என்று மட்டும் கூறி, அன்பு யார்மீது என்பதைச் சொல்லாமல் விடுகிறார். சரகத்தில் அன்பின் இலக்கு ‘பர்த்தா’ என்னும் சொல்லால் குறிக்கப்படுகிறது. அது நோயாளியைக் குறிப்பதாகக் கொள்ளினும், தலைவன், புரப்பவன் என்னும் பொருள்நிழல் அச்சொல்லில் உண்டு. பரிமேலழகர் நோயாளியிடத்து அன்பு என வெளிப்படையாக வரையறுக்கிறார். இதனால், பணியமர்த்தியவரிடம் காட்டும் விசுவாசத்தினின்றும் நோயாளியிடம் காட்டும் அன்பு பிரித்தறியப்படுகிறது. நிறுவனத்தின் நலனும் நோயாளியின் நலனும் மாறுபடும் சூழலில் செவிலியர் யார் பக்கம் நிற்க வேண்டும் என்பது இன்றைய செவிலியர் அறவியலின் மையச்சிக்கல்களுள் ஒன்று. அதற்கான ஒரு விடைக்கூறு இவ்வரையறையில் உள்ளது எனலாம்.

இங்கு முதன்மையாக நோக்க வேண்டியது அன்பு இடம்பெறும் முறையே. அது செய்திறனோடும் அறிவோடும் ஒரே பட்டியலில், எண்ணத்தக்க தகுதியாக வைக்கப்பட்டுள்ளது. நான்கனுள் முதலாவதாக நிற்பினும் ஏனைய மூன்றற்கும் மாற்றாக அது நிற்கவில்லை. அன்பு மிக்கவர் ஆதலால் அறிவு குறைந்தாலும் தகும் என்பதற்கோ, திறன் மிக்கவர் ஆதலால் அன்பு வேண்டா என்பதற்கோ இப்பட்டியல் இடமளிக்கவில்லை. அமெரிக்கச் செவிலியர் கோட்பாட்டாளர் சீன் வாட்சன் 1979 முதல் முன்வைத்துவரும் மனிதப் பராமரிப்புக் கோட்பாடும், பரிவைச் செவிலியர் அறிவுத்துறையின் உள்ளுறுப்பாகவே கொள்கிறது. இவ்வொப்புமை கொண்டு முன்னோர் அனைத்தையும் முன்பே கூறினர் என்று முடிவு கட்டுவது பொருந்தாது. இரு வேறு காலங்களில் ஒரே வகைச் சிக்கல் எதிர்கொள்ளப்பட்டுள்ளது என்று மட்டும் கொள்வதே முறை.

3. அன்பும் அருளும் பொருளும்

திருக்குறளின் வைப்புமுறையும் இவ்வாதத்திற்குத் துணைசெய்கிறது. அன்புடைமை இல்லறவியலிலும் அருளுடைமை துறவறவியலிலும் இடம்பெற, மருந்து அதிகாரம் பொருட்பாலில் உள்ளது. தொடர்புடையாரிடம் தோன்றுவதை அன்பு என்றும், தொடர்பு கருதாமல் எல்லா உயிர்களிடத்தும் இயல்பாகச் செல்வதை அருள் என்றும் பரிமேலழகரே வேறுபடுத்துகிறார். அவ்வாறிருக்க, முன்பின் அறியாத நோயாளியைப் பேணுபவருக்கு அருளைக் கூறாமல் அன்பைக் கூறுவது ஏன் என்ற வினா எழுகிறது. வடசொல்லுக்கு நேர்மொழியாக அமைந்தது என்று விடைகூறி நிறுத்தலாம். எனினும், உரையாசிரியரின் சொற்பயன்பாட்டுக்குள்ளேயே வேறொரு பொருளையும் காண இயலும். பக்கத்திற் செல்லுதல் என்னும் செயலே ஒரு தொடர்பை உண்டாக்குகிறது. அத்தொடர்பினின்றும் அன்பு பிறக்கிறது. துறவியிடம் எதிர்பார்க்கப்படும் எல்லையற்ற அருளைப் பணியாளரிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. தம் பொறுப்பில் உள்ள நோயாளியிடம் அவர் கொள்ளும் அன்பே தகுதியாக வேண்டப்படுகிறது.

‘பொருள் செயல்வகை’ அதிகாரத்தின் 757ஆம் குறள் இவ்விடத்தில் இன்றியமையாதது. அருள் என்பது அன்பு ஈன்ற குழந்தை என்றும், பொருள் என்னும் செல்வச் செவிலியால் அக்குழந்தை வளர்கிறது என்றும் அக்குறள் உருவகிக்கிறது. பெற்ற தாய் அன்பு. வளர்க்கும் செவிலி பொருள். பரிவு பிறப்பதற்கு அன்பு போதும். உயிர்வாழ்வதற்குப் பொருள் வேண்டும் என்பது இதன் உட்கோள். பொருளைப் பரிவின் பகையாகக் காணும் பொதுக்கருத்துக்கு நேர்மாறான நிலைப்பாடு இது.

இன்றைய வழக்கோடு ஒப்பிட்டால் இதில் ஒரு முரண் வெளிப்படுகிறது. குறளில் செவிலி என்பது பரிவைத் தாங்கும் பொருள்வளத்தின் உருவகம். இன்றைய தமிழில் செவிலி என்பது பரிவை வழங்க வேண்டிய மனிதரின் பெயர். பரிவுக்கு ஒரு செவிலி தேவை என்ற குறளின் கருத்து விடுபட்டு, செவிலியிடம் பரிவு தேவை என்ற எதிர்பார்ப்பு மட்டும் எஞ்சிநிற்கிறது.

4. புண்பட்டவன் அருகே: ஆன்மிகத்தின் இடம்

நோயாளர் பராமரிப்பில் ஆன்மிகத்தின் இடம் யாது என்பதற்கு அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாடல் தொன்மையான சான்றாகும். போரிற் புண்பட்ட தலைவனைக் காக்கும் பெண்கள் மனையில் இரவமரத்தின் தழையையும் வேம்பையும் செருகுகின்றனர்; யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன; மை இழுகப்படுகிறது; வெண்சிறுகடுகு சிதறப்படுகிறது; ஆம்பற்குழல் ஊதப்படுகிறது; மணி இயக்கப்படுகிறது; காஞ்சிப்பண் பாடப்படுகிறது; நறும்புகை எழுப்பப்படுகிறது. புண்பட்டவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி காத்தலைத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என்னும் துறையாகக் காஞ்சித்திணையுள் வகுத்துள்ளது.

இப்பாடலை விளக்கும் மருத்துவ நோக்கிலான கட்டுரைகள் வேம்பையும் கடுகையும் கிருமிநீக்கிகள் என எடுத்துக்கொண்டு, இசையையும் மணியையும் நம்பிக்கையின் எச்சம் என ஒதுக்கிவிடுகின்றன. சமய நோக்கிலான வாசிப்புகளோ பேய்விலக்கும் சடங்கை மட்டும் காண்கின்றன. இரண்டு வாசிப்புகளும் பாடலைப் பாதியாகக் குறைப்பவை. பாடலில் அச்செயல்கள் ஒரே தொடரில் நிகழ்கின்றன. மருந்துச் செயல் எங்கு முடிகிறது, வழிபாட்டுச் செயல் எங்குத் தொடங்குகிறது என்ற வரம்பு அதில் இல்லை. அவை அனைத்தும் புண்பட்டவனின் நம்பிக்கை உலகத்துக்குள்ளேயே நிகழ்கின்றன. ஆன்மிகம் பராமரிப்பவரின் கொள்கையாக நோயாளிமீது ஏற்றப்படவில்லை. நோயாளி ஏற்கெனவே வாழும் உலகம் படுக்கையருகே கொண்டுவரப்படுகிறது.

இன்றைய மருத்துவமனை நடைமுறையிலும் இவ்வேறுபாடு பொருந்தும். அறுவைச் சிகிச்சைக்கு முன் உலோக அணிகளைக் களைவது விதி. தாலியையும் தாயத்தையும் தர்காவில் மந்திரித்துக் கட்டிய கயிற்றையும் கழற்றச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் செவிலியரிடம் வருகிறது. காரணத்தை எடுத்துச்சொல்லி, கழற்றியதை உறவினர் கையில் ஒப்படைத்து, தாலிக்கு ஈடாக மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள இசைவதும், கழற்று என்று ஒற்றைச்சொல்லில் ஆணையிடுவதும் விதியளவில் ஒன்றே. நோயாளியின் அச்சத்தளவில் வேறு. முன்னதற்குச் செவிலியர் அச்சமயத்தைச் சார்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. நோயாளிக்கு அது எத்தகைய பொருளுடையது என்று அறிந்திருந்தால் போதும். தொழில்முறைப் பணியில் ஆன்மிகம் என்பதை இப்பொருளில் கொள்வதே பல சமயத்தார் வாழும் சூழலுக்கு ஏற்புடையது.

வடலூரில் 1867ஆம் ஆண்டு சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளலாரின் சிந்தனையும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. சீவகாருணியத்தால் நீக்கத்தக்க துன்பங்களாகப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை ஆகிய ஏழையும் அவர் வகுத்தார். பிணியும் பயமும் இவ்வரிசையில் தனித்தனியாக நிற்பது கூர்ந்து நோக்கத்தக்கது. பிணி தீர்ந்த பின்னும் பயம் எஞ்சலாம்; பிணி தீராத நிலையிலும் பயத்தைத் தீர்க்க இயலலாம். முற்றிய புற்றுநோயாளரைப் பேணும் நோய்த்தணிப்புச் சிகிச்சையின் அடிப்படையும் இதுவே. அவர் பரிவைத் துறவு நிலையினின்றும் அன்றாடச் செயலுக்குக் கொண்டுவந்து, அதற்கு ஓர் அடுப்பையும் தானியத்தையும் நிறுவன ஏற்பாட்டையும் உண்டாக்கினார். பரிவுக்குப் பொருளாகிய செவிலி வேண்டும் என்ற கருத்து தருமச்சாலையில் செயல்வடிவம் பெற்றது எனலாம்.

5. ஆதுலசாலை: ஊதியம் பெற்ற பரிவு

செங்கல்பட்டுப் பகுதியில் பாலாற்றங்கரையில் உள்ள திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலின் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்கோயிலைச் சார்ந்து இயங்கிய வீரசோழன் என்னும் ஆதுலசாலையின் நிருவாகத்தைப் பதிவுசெய்கிறது. 15 நோயாளர்கள் தங்கும் இடம், மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்பவர்கள், நோயாளருக்கு மருந்து அளித்துப் பேணும் பெண்கள் இருவர், இருப்பில் வைக்க வேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகள் ஆகியன அதில் குறிக்கப்பட்டுள்ளன.

கோயில் அறமாக நிறுவப்பட்ட மருத்துவமனை அது. எனினும் அங்குப் பணியாற்றியோருக்கான ஊதியம் நெல்லளவாகவும் காசாகவும் கல்லில் வெட்டப்பட்டுள்ளது. இறைத்தொண்டு என்ற காரணத்தால் அப்பெண்களின் பணி ஊதியமற்றதாக விடப்படவில்லை. பணியாளரிடையே ஊதிய ஏற்றத்தாழ்வு இருந்ததையும் அக்கல்வெட்டே காட்டுகிறது. ஆகவே அதனைப் பொற்காலமாகக் கொள்ள வேண்டியதில்லை. அறக்கட்டளைக்குள்ளும் பேணுதல் ஊதியத்துக்குரிய பணியாகக் கருதப்பட்டது என்பதே இங்கு வேண்டப்படும் முடிபு.

6. செவிலி, சிஸ்டர், தன்னார்வலர்

சங்க அகப்பாடல்களில் செவிலி தலைவியை வளர்த்த தாய். தோழி அவளுடைய மகள் எனத் தொல்காப்பியம் கூறும். உடன்போக்கில் சென்ற மகளைத் தேடிச் சுரத்துவழி நடப்பவளும் அவளே. நோயாளரைப் பேணும் தொழில் சங்கச் செவிலிக்கு உரியதாகச் சொல்லப்படவில்லை. தற்காலத் தமிழ் ‘நர்ஸ்’ என்பதற்கு ஈடாகச் செவிலியைத் தேர்ந்தபோது, ஆங்கிலச் சொல்லில் கலந்திருந்த பாலூட்டி வளர்ப்பவள் என்னும் பொருளே வழிகாட்டியிருக்க வேண்டும். இதனால் தாய்மை, பெண்மை, தன்னலமறுப்பு ஆகியன தொழிற்பெயருக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டன. உழைச்செல்வான் என்னும் இடப்பெயர் நீங்கி உறவுப்பெயர் வந்தது. தாய்க்கு ஊதியம் இல்லை. தாய் களைப்படையக் கூடாது. தாய் கோரிக்கை வைப்பதில்லை. இவ்வெதிர்பார்ப்புகள் பெயரோடு சேர்ந்து வந்தவை.

பேச்சுவழக்கில் ‘நர்சம்மா’ என்றும் ‘சிஸ்டர்’ என்றும் அழைக்கும் முறைகளும் உறவையே சுட்டுகின்றன. பின்னதில் கிறித்தவத் துறவுச் சபைகளின் நினைவும் கலந்துள்ளது. தமிழகத்தில் செவிலியர் கல்வி வேரூன்றியதில் சமயப் பணியாளரின் பங்கு பெரிது. வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பயிற்சியும், 1946இல் பட்டப்படிப்பும் ஏற்பட்டன. சமயப்பற்றினின்றும் பிறந்த இம்முயற்சியே செவிலியரைப் பட்டம் பெற்ற தொழிலறிஞராக்கியது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பதிவுமுறையைக் கொண்டுவந்தது. 2023இல் தேசிய அளவில் புதிய செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தில் தொழிலாகவும் வழக்குமொழியில் தாய்மையாகவும் இப்பணி இருவேறு வாழ்வு வாழ்கிறது.

இவ்விரட்டை வாழ்வின் விளைவைத் தமிழ்நாட்டு அண்மை வரலாறு காட்டுகிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் 2015ஆம் ஆண்டுத் தேர்வின்வழி ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட செவிலியர், மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியாற்றி, ஈராண்டுக்குப் பின் நிரந்தரமாக்கப்படுவோம் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாத நிலையில் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினர். கொரோனாக் காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டவர்களுள் 2,000க்கும் மேற்பட்டோரின் பணி 2022 திசம்பர் 31உடன் முடிவுற்றது. பெருந்தொற்றின்போது தேவதைகள் எனப் போற்றப்பட்டவர்கள் அவர்களே. போற்றுமொழி பணிப்பாதுகாப்பாக மாறவில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு 1983இல் விமானப் பணிப்பெண்களை முன்வைத்து விளக்கிய ‘உணர்வுழைப்பு’ என்னும் கருத்தாக்கம் இங்குப் பயன்படும். இன்முகமும் ஆறுதல்மொழியும் உடலுழைப்பைப் போலவே ஆற்றலைச் செலவழிப்பவை; அவற்றை இயல்பு என்று கருதும்போது அவை உழைப்பாகக் கணக்கில் வருவதில்லை. அன்பைத் தகுதியாக எண்ணிய உரைமரபு, அதனைக் கணக்கில் கொண்டுவரும் ஒரு வழியைத் திறந்துவைத்துள்ளது.

7. எல்லைப்பகுதியின் சான்று

மேற்கண்ட கருத்துகளைச் சோதிக்கத்தக்க களமாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குந்தாரப்பள்ளி வட்டாரம் அமைகிறது. கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் இடையே பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உள்ள இவ்வூர் கூட்ரோட்டிலிருந்து வேப்பனப்பள்ளிச் சாலை பிரிகிறது. கர்நாடக, ஆந்திர எல்லைகள் அருகிலுள்ளன. வாரச்சந்தைக்கு வரும் உழவரும் ஆடு மாடு வணிகரும், ஓசூர்ப் பகுதி ஆலைகளை நம்பி வந்த வடமாநிலத் தொழிலாளரும் ஒரே சாலையைப் பயன்படுத்துகின்றனர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகியன இங்கு நெடுங்காலமாகப் புழங்க, இந்தியும் ஒடியாவும் அண்மையில் சேர்ந்துள்ளன.

நோய்நிலையை உணர்த்துதலைப் பரிமேலழகர் நோயாளியின் தகுதியாக வைத்தார் என்பதை முன்னர்க் கண்டோம். பேசுபவரும் கேட்பவரும் ஒருமொழியினர் என்பது அதன் அடியில் உள்ள எண்ணம். இவ்வட்டாரத்தில் அது நிலைப்பதில்லை. தமிழரின் நோவும் கன்னடரின் நோவும் தெலுங்கரின் நொப்பியும் ஒருவேர்ச் சொற்கள். சற்றே செவிகொடுத்தால் புரியும். வடபுலத் தொழிலாளர் ‘தர்த்’ எனும்போது அவ்வேரும் உதவுவதில்லை. எங்கே, எப்போதிருந்து, எப்படி வலிக்கிறது என்பதைக் கைச்சாடையாலும் உடன்வந்தவர் உதவியாலும் கேட்டறிவது பணியாளரின் பொறுப்பாகிறது. நோயாளிக்குரியதாகச் சொல்லப்பட்ட தகுதி ஒன்று உழைச்செல்வாரிடம் இடம்பெயர்கிறது. இங்குப் பரிவு என்பது பொறுமையோடு கேட்டல் என்ற திறனாகவே வெளிப்படுகிறது. தவறாகக் கேட்டால் மருந்தும் தவறும். அன்பின்மை இங்குப் பிழையாகவே முடியும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகத்து 5ஆம் நாள் தொடங்கப்பட்டது இம்மாவட்டத்தின் சூளகிரி ஒன்றியம் சாமனப்பள்ளியில் என்பது குறிப்பிடத்தக்கது. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்த்தல், நோய்த்தணிப்புச் சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சை, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்வதற்கான பைகளை வழங்குதல் ஆகியன இதன் கூறுகள். இத்திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதைப் பெற்றது. நோயாளியின் பக்கத்திற் செல்லுதல் என்னும் உழைச்செல்வானின் பொருள், மருத்துவமனைச் சுவரைக் கடந்து இத்திட்டத்தில் நேர்ப்பொருளாகவே நிறைவேறுகிறது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு மாத்திரையோடு வருபவரின் வருகையே ஆறுதலாகிறது.

ஆயினும் வீடுதோறும் நடக்கும் பெண்கள் பெறும் பெயர் ‘தன்னார்வலர்’. அவர்கள் பெறுவது ஊதியம் எனப்படாமல் ஊக்கத்தொகை எனப்படுகிறது. மகளிர் சுயவுதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இவர்கள் அழுத்தம் அளக்கவும் சர்க்கரை சோதிக்கவும் பயிற்சி பெற்றவர்கள். செய்து முடிக்கும் வன்மையும் அறிவும் இவர்களிடம் வேண்டப்படுகின்றன, அன்பு எதிர்பார்க்கப்படுகிறது. நான்கு தகுதிகளும் கேட்கப்படும் பணியை விருப்பத்தொண்டு என்று பெயரிடுவது, செவிலி என்னும் சொல்லில் தொடங்கிய நகர்வின் அடுத்த படியாகும். திட்டத்தின் பயனைக் குறைத்து மதிப்பிடுவது இதன் நோக்கமன்று. பயன் பெரிதாக இருப்பதனாலேயே பெயரும் நிலையும் வினாவுக்குரியனவாகின்றன.

8. மறுப்பும் விடையும்

இவ்வாதத்திற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். அன்பைத் தகுதியாக எண்ணினால் அது அளவுகோலுக்கு உட்பட்டு, புன்னகையும் மதிப்பெண்ணாகிவிடும் என்பது ஒன்று. இம்மறுப்பில் உண்மை உண்டு. தனியார் மருத்துவமனைகளில் நோயாளர் கருத்துப் படிவம் பணியாளரைக் கண்காணிக்கும் கருவியாகும் இடர் மெய்யானது. ஆயினும், தகுதி என்பது பணியாளரை அளப்பதற்கு மட்டும் உரியதன்று. அத்தகுதி செயல்படுவதற்கான சூழலை நிறுவனம் தந்துள்ளதா என்று அளப்பதற்கும் உரியது. பொது வார்டில் 5 நோயாளருக்கு ஒரு செவிலியர், கற்பிக்கும் மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர் என்னும் இந்தியச் செவிலியர் குழுமத்தின் நெறிமுறை அவ்வகையில் பரிவுக்கான நெறிமுறையும் ஆகும். எண்ணிக்கை மீறிய வார்டில் அன்பில்லை என்று குறைகூறுவது, செவிலியின்றிக் குழந்தை வளரவில்லை என்று குழந்தையைக் கடிவதை ஒக்கும்.

இடைக்கால உரையொன்றை இன்றைய தொழிலாளர் சிக்கலுக்குச் சான்றாக்குதல் காலமுரண் என்பது மற்றொன்று. பரிமேலழகர் ஊதியவுரிமையைப் பேசவில்லை என்பது உண்மையே. மேலும், நோயாளிக்குப் பொருளுடைமையை முதல் தகுதியாக வைத்த அவ்வுரை, வறியவருக்கு மருத்துவம் எட்டாது என்ற நிலையை இயல்பாக ஏற்றுள்ளது. அரசு மருத்துவமனைகளின் காலத்தில் அத்தகுதி ஏற்கத்தக்கதன்று. எனவே மரபை முழுதாக வழிமொழிவது இக்கட்டுரையின் நிலைப்பாடன்று. பரிவையும் பொருளையும் பகைநிறுத்துவதற்கு மரபைச் சான்றாக்கும் வழக்கை மறுப்பதே அதன் எல்லை.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

• உழைச்செல்வான் என்னும் சொல் நோயாளியின் பக்கத்தில் இருத்தலை அடையாளமாகக் கொண்டு, பேணுபவரை மருந்தின் உறுப்பாகவே கருதுகிறது.

• பரிமேலழகரின் தகுதி வரிசை அட்டாங்க இருதயத்தோடு ஒத்துச் செல்கிறது; அன்பின் இலக்கு நோயாளியே என வரையறுப்பது உரையாசிரியரின் தனித்தன்மை. அங்கு அன்பு திறனுக்கும் அறிவுக்கும் மாற்றாகாமல் அவற்றோடு ஒருங்கு எண்ணப்படுகிறது.

• 757ஆம் குறளும் திருமுக்கூடல் கல்வெட்டும் பரிவு பொருளால் தாங்கப்பட வேண்டியது என்ற கருத்துக்குச் சான்றாகின்றன.

• புறநானூற்று 281ஆம் பாடல், ஆன்மிகத்தை நோயாளியின் நம்பிக்கை உலகத்துக்கு இடமளித்தலாகக் காண வழிசெய்கிறது.

• செவிலி, தன்னார்வலர் ஆகிய இன்றைய பெயர்கள் பரிவை இயல்பாக்கி, அதன் உழைப்பையும் தேவையையும் மறைக்கின்றன.

செவிலியர் என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. அதனை மாற்றிவிட முயல்வது வேண்டாத வேலை. அச்சொல்லைக் குறளில் உள்ள முழுப்பொருளோடு படிக்கலாம். அப்போது, ஊதியம் கேட்கும் செவிலியர் பரிவைக் கைவிட்டவராகத் தோன்றார். பரிவு என்னும் குழந்தைக்கு உரிய செவிலியைக் கேட்பவராகவே தோன்றுவார்.